ராஜாத்தியை அலைத்துவரப் போனோம்

1

இந்தக் கதை ஒரு எழுத்துப் பிழையிலிருந்து முளைத்தது. தலைப்பைப் பார்த்துவிட்டு அச்சுக்கோத்தவரை வையாதீர்கள். தப்பு என்னுடையது.

2006-ல் மகள் ராஜாத்திக்கு ஒரு கடிதம் போட்டேன். அவள் வாக்கப்பட்டுப் போன ஊர் சிங்கப்பூர். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது குமுளி அடிவாரத்தில் எங்கள் கூடலூர்ப் பக்கம் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பியிருந்தார். ‘உன்னை அலைத்துவர அம்மாவும் நானும் வருகிறோம்’ என்று எழுதினேன்.

அழைத்துவர என்று எழுதியிருக்க வேண்டும். நாற்பத்திமூணு வயசில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவன் நான். ல, ள, ழ மூன்றில் எது எங்கே என்று கை இன்னும் தடுமாறும். ராஜாத்தி போனில் சிரித்தாள். “வாங்க யப்பா. யாரு யார அலைக்கிறோம்னு பாத்துருவோம்” என்றாள்.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

சிங்கப்பூர் மிகவும் சுத்தமான நகரம். அங்கே சாலைகள் எல்லாம்

(விட்டுவிட்டேன். போய்வந்த எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.)

திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருபத்தைந்து வருசம் கையைத் தூக்கியே வேலை பார்த்த ஒருவன், மாடி வீடுகளை அண்ணாந்து பார்க்க முடியாமல், ஏனென்றால் அவன் கழுத்து

(இதுவும் வேண்டாம். கழுத்துவலி நிசம்தான். ஆனால் கதை என் கழுத்தைப் பற்றியது இல்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: போன நாளிலிருந்து ராஜாத்தி எங்களைக் கடைகடையாகக் கூட்டிக்கொண்டு திரிந்தாள். எங்களோடு ஊருக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

இதற்குமேல் நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3

என் பெண்டாட்டி சங்கிலியம்மாள் தினமும் ஒருதடவை கேட்பாள், என்னைக்குத்தா கிளம்புறோம் என்று. அதற்கு ராஜாத்தியின் பதில், நாளைக்கு இன்னொரு கடை இருக்கு என்பதுதான். தைலம் ஒரு டஜன், குடை, பூப்போட்ட போர்வை, பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளுக்குக் கைக்கடிகாரம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போவாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். சுமை என்றால் எனக்குப் பழக்கம்தான். எங்கே இறக்குவது என்று தெரியாத சுமை மட்டும் புதுசு.

அந்த ஊர் ரயிலில் தமிழிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் விரல் வைத்து உரக்கப் படித்தேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. சங்கிலியம்மாள் தொடையில் கிள்ளி, “ஒங்களுக்குப் படிக்கத் தெரியுமான்னு இங்கன யாரு கேட்டாக?” என்றாள்.

(குறிப்பு: எழுதினவரைக்கும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கிள்ளினதை எடுத்துவிடச் சொன்னாள். தன்னை அழுகிறவளாக எழுதக்கூடாது என்றும் சொன்னாள். இரண்டாவதற்கு மட்டும் கட்டுப்பட்டேன். அவள் அழவும் இல்லை.)

4

மாப்பிள்ளை சூரியபிரகாஷ் விசயத்தில்தான் நான் தடுமாறினேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்று நினைத்து முதலில் இப்படி எழுதினேன்: மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பிள்ளை இங்கேதான் பிறக்கும் என்று

அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கப்பல் பட்டறையில் வேலை முடிந்து வந்து, நாங்கள் இருக்கிறோம் என்றுகூடப் பாராமல், வீங்கியிருந்த அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். நான் சுவரைப் பார்ப்பேன். நான் என் பெண்டாட்டி காலைத் தொட்டதில்லை. அவளுக்கு எப்போது வீங்கியது என்றும் தெரியாது. இந்த வரியை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆனது.

5

ஆறாம் நாள் பிள்ளைகளுக்கான கடைக்குப் போனோம். மரத்தில் ஒரு கட்டில்தொட்டில், நாலு பக்கமும் கம்பி அடைத்தது. ராஜாத்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

சங்கிலியம்மாளுக்கு வாயெல்லாம் பல். பேத்தியோ பேரனோ ஊரில் அதில் தூங்குவதை அப்போதே பார்த்துவிட்டாள். “ஏத்தா, இவுககிட்டக் கயிறு இருக்கான்னு கேளு. குமுளி ஜீப்பு மேல கட்டுவோம்ல, அப்பிடிக் கட்டிப் பிளேன்ல போட்டுருவோம்” என்றாள்.

ராஜாத்தி அதைக் கடைக்காரரிடம் சொல்லவில்லை. அவர் நீட்டின தாளில் குனிந்து எழுதினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும். திராட்சைப் பெட்டி எண்ணிப் பழகியவன். அவள் எழுதினது, தினமும் அவள் வீட்டுக் கதவில் நான் வாசித்த நம்பர். தொட்டில் ஒன்பதாவது மாடிக்குப் போகிறது.

அந்த நம்பர்கூடப் படிக்கத் தெரியாமலே இருந்திருந்தால் இன்னும் ரெண்டு நாள் நிம்மதியாகக் கடை சுற்றியிருப்பேன்.

6

அதே கடையில் விற்பனைக்குப் போட்டிருந்த மெத்தைக் கட்டிலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடைக்காரர்கள் யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, நம்பரைப் பார்த்ததாகவும் சொல்லவில்லை. ராஜாத்தியே வாய்திறந்தாள்.

“அங்கன வந்தா நீ இருப்ப. இங்கன இருந்தா அவரு இருப்பாரு. எனக்கு ரெண்டு பேரும் வேணும்மா.”

சங்கிலியம்மாள் போர்வை விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீ பெறக்கையில எங்காத்தா ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்துச்சு. ஒத்தையில கெடந்து பெத்தேன். எம்மகளுக்கு அந்தக் கெதி வரக்கூடாதுன்னு அப்பவே நெனச்சுக்கிட்டேன்” என்றாள்.

“எனக்கு ஒத்தை இல்லம்மா.”

“ஒனக்கு இல்ல. எனக்குத்தான்.”

இந்த நாலு வரியையும் நான் ஜோடிக்கவில்லை. கேட்டபடி வைத்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

(அ) ராஜாத்தி மனசு மாறி எங்களோடு கிளம்பினாள். தொட்டில் வெறுமனே கிடந்தது.

(ஆ) சங்கிலியம்மாள் பிரசவம் வரைக்கும் அங்கேயே தங்கினாள். நான் மட்டும் திரும்பி, ரெண்டு மாசம் உப்புப் போடாத கஞ்சி குடித்தேன்.

(இ) ராஜாத்தி அங்கே, நாங்கள் ரெண்டு பேரும் இங்கே.

மூன்றும் நடந்திருக்கக்கூடியவை. அதில் ஒன்று நடந்தது. எதுவென்று எழுதிவிட்டு, ராஜாத்திக்குப் போனில் வாசித்தேன். முழுசும் கேட்டாள்.

“முடிவ மட்டும் எழுதாதீக யப்பா. வந்தேன்னு போட்டா அவுக வீட்டுல கொறை. வரலைன்னு போட்டா, மகளக் கூட்டியாரத் துப்பில்லன்னு அம்மாவக் கேப்பாக. எதைப் போட்டாலும் ஒரு பொம்பளைக்குத்தான் வசவு.”

சரி என்று அந்தப் பத்தியைக் கிழித்துப்போட்டேன். எனக்கு வருத்தமில்லை. எழுதத் தெரிந்தவனுக்கு எழுதாமல் விடுவதும் தெரிய வேண்டும். பிள்ளைக்கு இப்போது மூணு வயசு. எங்கே பிறந்தோம் என்று அது கேட்டதில்லை. ஊர்தான் கேட்கிறது.

ஆகவே இதுவரைக்கும்தான் தருவேன். திரும்புகிற அன்று விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கிற இடம். அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பெண். “எத்தனை பேர் ஐயா?” என்றாள். ஒரே இரைச்சல், குரல் எடுபடாது என்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.

எத்தனை விரல் என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணி முடித்ததும் யாரையும் வையாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.