சிவப்பு மையில் ஒரு மைனஸ்

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டிய கண்ணாடிப் பெட்டி, அறுபது டிகிரியைத் தாண்டியும் சூடேறிக்கொண்டே போனது. அதை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக பட்டறை வாசலில் வேன் நின்றது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்க்யூட் படத்தை விரித்தாள். வரைந்தவள் அவள்தான். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி தன்னிஷ்டத்துக்கு ஓடாது. சூட்டை அளக்கும் சென்சாரின் வோல்டேஜைச் சார்ந்தது. பழைய படத்தில் அதன் பெருக்கம் மைனஸ் எட்டு. சூடு ஏறினால் கரண்ட் குறைய வேண்டும், அந்த மைனஸுக்கு அதுதான் வேலை. புதுப் படம் சுத்தமாக இருக்கட்டுமென்று, கரண்ட் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டு மைனஸை எடுத்திருந்தாள். அம்பைத் திருப்புவதும் மைனஸ் போடுவதும் ஒன்றுதான்; ஏதாவது ஒன்று போதும். இப்போது திருப்பிய அம்பின் பக்கத்தில், சிவப்பு மையில், கொழுத்த மைனஸ் ஒன்று உட்கார்ந்திருந்தது.

சிவப்பு மையில் எழுதுகிறவர் முதலாளி மட்டும்தான். அவளுக்குச் சித்தப்பா. பக்கத்தில் நின்றவரிடம் படத்தை நீட்டினாள்.

"நீங்களா போட்டீங்க?"

"ஆமா. பழைய படத்துல இருந்துச்சு, நீ விட்டுட்டேன்னு போட்டு வயர்மேன்கிட்ட கொடுத்தேன். அதுக்கு ஏன் முறைக்கிற?"

"நான் விடல சித்தப்பா. அம்பைத் திருப்பினதாலதான் மைனஸை எடுத்தேன். நீங்க மறுபடி போட்டதும் எல்லாம் தலைகீழாயிடுச்சு. சூடு ஏற ஏற ஹீட்டருக்குக் கரண்ட் கூடுது!"

"தெர்மாமீட்டர் கோளாறா இருக்கும். ஒரு சின்னக் கோட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஏத்தச் சொல்லு."

முப்பது வருஷ அனுபவம் என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொள்கிற மனுஷன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? கௌரவம் குறைந்துவிடுமாம். யார் வீட்டுக் குழந்தையோ வெந்தால் இவருக்கென்ன!

அவள் பிளக்கைத் திரும்பச் சொருகி, பெட்டியின் கதவைத் திறந்தாள்.

"மெத்தை விரிக்கிற தட்டுல கையை வைங்க."

"என்னது?"

"தெர்மாமீட்டர்தானே கோளாறு? உங்க கை நல்லாத்தானே இருக்கு. அரை மணி நேரம் வைங்க. சுட்டாலும் எடுக்கக் கூடாது. உள்ள படுக்கப் போற குழந்தைக்கு எழுந்து ஓடத் தெரியாது."

வயர்மேன் பார்த்துக்கொண்டிருந்தான். வீம்புக்குக் கையை வைத்தவர், ஒரு நிமிஷம்கூடத் தாங்காமல் வெடுக்கென்று இழுத்து, விரல்களை ஊதிக்கொண்டார்.

"சரி, வேனைக் காலியா அனுப்பு," என்று வயர்மேனிடம் எரிந்து விழுந்தார். "தெர்மாமீட்டரை மாத்திட்டு நாளைக்கு ஏத்தலாம்."

அவள் கதவை மூடவில்லை.

"வைங்க சித்தப்பா. இன்னும் இருபத்தொன்பது நிமிஷம் இருக்கு."