பந்திக்கு வராத அத்தை

முதலில் ஓர் உண்மையைப் பணிவுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். கடந்த ஒன்பது ஆண்டுகளில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நடந்த ஏறக்குறைய அறுபது திருமண வரவேற்புகளுக்கு நான் சென்றிருக்கிறேன். அவற்றுள் ஒன்றுக்குக்கூட என்னை யாரும் அழைத்ததில்லை.

காரணம், அரியலூர் மருதையாறு மெல்லிசைக் குழு. எங்கள் பகுதியில் இசை கேட்பதற்கென்று அரங்குகள் இல்லை. இக்குழு கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மட்டுமே பாடுகிறது. திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை வரும். முகூர்த்தமோ மாதந்தோறும் வருகிறது. பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான் வேறு என்னதான் செய்ய இயலும்? பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டுக்காரி என்று எண்ணுவர். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரி என்று எண்ணுவர். அந்த இடைவெளியில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்துகொள்வேன்.

ஆயினும் எனக்கென்று ஒரு நெறி உண்டு. பாட்டைக் கேட்கலாம், பந்தியில் அமரக் கூடாது. காதால் கேட்பதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடுவதில்லை. இலையில் அமர்ந்தால் அது திருட்டு.

சென்ற ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, குழுவின் கீபோர்டுக் கலைஞர் அஸ்லாம் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் இவ்வாறு எழுதியிருந்தார்: 'நாளை மாலை தா.பழூர் ரிசப்ஷனில் எங்கள் சொந்தப் பாட்டு, முதல்முறையாக.' ஒன்பது ஆண்டுகளாகச் சினிமாப் பாட்டுகளையே வாசித்துவந்தவர்கள்! அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, இரண்டு பஸ் மாறி, ஆறு மணிக்கெல்லாம் மண்டபத்தில் இருந்தேன்.

மண்டபம் சிறியது. அதுவே வினையாயிற்று. ஐந்நூறு பேர் கூடும் இடத்தில் உண்ணாதவரை யாரும் கவனிப்பதில்லை. இங்கே, மூன்றாவது பாட்டு முடிவதற்குள் பட்டுப்புடவை அணிந்த ஒரு பெண்மணி என்னிடம் வந்தார்.

"சாப்டீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "பரவாயில்லைங்க" என்றேன்.

அவர் முகம் மாறிற்று. கல்யாண வீட்டில் 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு உள்ள பொருள் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. வருத்தத்தோடு வந்திருக்கும் உறவினர் மட்டுமே அதைச் சொல்வார்.

இரண்டே நிமிடங்களில் பெண்ணின் தாயார் ராசாத்தி என் எதிரே நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணி, எதுவா இருந்தாலும் மனசுல வச்சிக்காதீங்க. பத்திரிகை வைக்க நாங்களே நேர்ல வந்திருக்கணும். அன்னிக்குன்னு பாத்து வண்டி நின்னுபோச்சு."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்றதுலயே தெரியுதே" என்றார் பட்டுப்புடவைப் பெண்மணி. "மாப்ள வூட்டு அத்தைங்க எல்லாருக்கும் இதே கொணம்."

அந்த நேரத்தில்தான் மேடையில் பாடகி கவிதா, "அடுத்து எங்க அஸ்லாம் போட்ட மெட்டு, எங்க சொந்தப் பாட்டு" என்றார்.

*அரியலூரு பஸ்ஸு வருது, அதுல நீயும் வருவியா?*
*சன்னலோர சீட்டு தாரேன், சம்மதந்தான் தருவியா?*

நான் மயங்கிப்போனேன். ராசாத்தியோ என் கையைப் பிடித்துப் பந்திக் கூடத்தை நோக்கி இழுத்தார். நான் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டேன். முன்வரிசை இளைஞர்கள், "தெரிஞ்ச பாட்டா போடுங்கண்ணே! குத்துப் பாட்டு!" என்று கூவினார்கள். மாப்பிள்ளையின் தந்தை செல்லமுத்து மேடைக்கருகே சென்று கையை அசைத்தார். சரணத்தின் நடுவிலேயே பாட்டு நின்றது. அஸ்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணி, என்ன செஞ்சா சாப்புடுவீங்க? சொல்லுங்க, செய்யறோம்" என்றார் ராசாத்தி.

என் வாழ்நாளில் யாரிடமும் எதையும் வலியுறுத்திக் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அந்தப் பாட்ட முழுசாப் பாடச் சொல்லுங்க. அப்பறம் சாப்புடுறேன்."

ராசாத்தி ஓடினார். "சம்பந்தி, அத்தைக்கு அந்தப் பாட்டுதான் வேணுமாம்! இல்லன்னா சாப்புட மாட்டாங்களாம்!" என்று அவர் கூறியது எனக்குக் கேட்டது. செல்லமுத்து நடுங்கிப்போய் இளைஞர்களை அதட்டினார். "டேய், வாய மூடுங்கடா! பாட்டு முடியற வரைக்கும் ஒருத்தன் அசையக் கூடாது!"

பாட்டு மீண்டும் பல்லவியிலிருந்து தொடங்கியது. முதல் சரணம் முடிந்தது. பிறகு கீபோர்டு வாசித்தது, வாசித்தது, வாசித்துக்கொண்டே இருந்தது. கவிதா அஸ்லாமைப் பார்த்தார். அஸ்லாம் கூரையைப் பார்த்தார். இறுதியில் அதே முதல் சரணத்தைச் சற்று மெதுவாக இன்னொரு முறை பாடி முடித்தார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். என்னைப் பார்த்து மண்டபம் முழுவதும் பயத்தோடு கைதட்டியது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற இலையில் அமர்ந்தேன். ராசாத்தி கூட்டு வைத்தார். செல்லமுத்து தம் கையாலேயே நெய் ஊற்றினார்.

"உங்க வூட்டு அத்தைக்கு நல்ல ரசனைங்க, சம்பந்தி" என்றார் ராசாத்தி.

"எங்க வூட்டு அத்தையா? உங்க பக்கத்து ஆளுன்னுல்ல நான் பயந்துகிட்டு கெடக்கேன்!"

நான் சாம்பாரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கு இடைவேளை விட்டு எதிர்ப் பந்தியில் குழுவினரோடு அமர்ந்திருந்த கவிதா சிரித்துவிட்டார்.

"அவங்க ரெண்டு பக்கமும் இல்லைங்க. நாங்க எங்க பாடினாலும் வருவாங்க. மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. ஒரு நாளும் சாப்பிட்டதில்ல."

ஒன்பது ஆண்டுகளாக அவர்கள் என்னைக் கவனித்திருக்கிறார்கள்! வெட்கத்தால் என் காதுகள் சுட்டன. ராசாத்தி இடுப்பில் கைவைத்து என்னை உற்றுப் பார்த்தார்.

"பாட்டு கேக்கவா வந்தீங்க? அதுக்கு என்னைய இப்படி அழவுட்டீங்களே!" என்றார். பிறகு பரிமாறுபவரைக் கூப்பிட்டார். "யோவ், இவங்களுக்கு இன்னொரு அப்பளம் வை. ஒழுங்கா சாப்பிடாம எந்திரிக்கட்டும், அப்ப இருக்கு."

கை கழுவும் இடத்தில் அஸ்லாம் தயங்கியபடி அருகில் வந்தார். நான் மிகுந்த பணிவுடன் கேட்டேன். "தப்பா நெனைக்காதீங்க. ரெண்டாவது சரணம் ஏன் மொத சரணம் மாதிரியே இருந்துச்சு?"

"ரெண்டாவது சரணமே இல்லக்கா. அது வரைக்கும் எவன் நம்மள வுடப்போறான்னு நான் எழுதவே இல்ல. நீங்க முழுசா வேணும்னு கேட்டீங்களா, எனக்கு வேர்த்துப்போச்சு. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள எழுதிடுறேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, எழுதியது மட்டும்தான். அதற்காக அஸ்லாம் அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.