கம்பியைக் கழற்றும் சோதனை

இஞ்சினியர் திஹோமிர் எந்தத் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்தார் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பட்டத்தைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. வாகனங்களுக்குத் தகுதி முத்திரை குத்தும் வேலை அவருடையது. சோதனை நிலையத்தைப் பதினொரு மணிக்குத் திறப்பார். அதுவரை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ராடேயின் பட்டறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, ராடே செய்யும் வேலைகளைத் திருத்துவார்.

ராடே பொறுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. திஹோமிர் அவனுக்குக் கும். அவன் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர்; மூன்று பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானத் தகப்பன். எங்கள் தெற்கு செர்பியாவில் மாமனாரோடு சண்டை போடலாம், பாதிரியாரோடுகூடப் போடலாம். கும் சொன்னதற்கு 'இல்லை' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை காலை. ஸ்தானா தன் வேனைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். மலைக்கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வருகிறவள் அவள். முத்திரை விழுந்த காகிதம் பன்னிரண்டு மணிக்குள் நகராட்சிக்குப் போய்ச் சேராவிட்டால், இந்த வருஷம் அந்தப் பள்ளித் தடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"அண்ணே, பேட்டரி விளக்கு அணையவே மாட்டேங்குது. மலை ஏறும்போது பிரகாசமா எரியுது, இறங்கும்போது மங்கலா எரியுது. எனக்கு நெஞ்சுதான் எரியுது."

ராடே மீட்டரை வைத்துப் பார்த்தான். எஞ்சின் ஓடும்போதே பன்னிரண்டு வோல்ட்தான்; பதினாலாவது இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்தான். சட்டைப் பொத்தான் அளவுக்குத் தேய்ந்துபோன இரண்டு கார்பன் பிரஷ்களை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இதான் கள்ளன். உள்ளே சுத்துற சுருளுக்கு இது ரெண்டும்தான் கொஞ்சம் கரண்ட் கொடுக்கணும். கொடுத்தா அது காந்தமாகும். பெல்ட் அந்தக் காந்தத்தைச் சுத்திவிட, அதைச் சுத்தி இருக்கற செம்புக் கம்பியிலே கரண்ட் பிறக்கும். காந்தமே இல்லைன்னா எவ்வளவு சுத்தினாலும் வெறும் காத்துதான்."

"பிறந்த கரண்ட் நேரா பேட்டரிக்குப் போயிடுமா?"

"எங்கே? அது முன்னாடியும் பின்னாடியுமா ஆடிக்கிட்டே இருக்கும். பேட்டரிக்கு ஒரே திசையிலே வரணும். இந்த ஆறு டயோடும் ஆறு கதவு. ஒரு பக்கம்தான் திறக்கும். அளவு மிஞ்சாம ரெகுலேட்டர் பார்த்துக்கும். பதினாலரை வோல்ட்டைத் தாண்டுச்சுன்னா சுருளுக்குப் போறதைக் குறைச்சிடும்."

புது பிரஷ் போட்டுப் பூட்டி எஞ்சினை ஓட்டினான். விளக்கு அணைந்தது. மீட்டர் பதினாலு புள்ளி இரண்டு காட்டியது. ஸ்தானா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அப்போது மணி பத்தே முக்கால்.

திஹோமிர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மீட்டரை யாரும் நம்பலாம். நான் நம்பறதில்லை. ஓடற வண்டியிலே பேட்டரியோட மைனஸ் கம்பியைக் கழட்டணும். எஞ்சின் நின்னா ஆல்டர்னேட்டர் செத்துடுச்சு. நிக்கலைன்னா உயிரோட இருக்கு. நாப்பது வருஷமா என் சோதனை இதான். கழட்டு ராடே."

டைனமோ வைத்த பழைய சின்னக் கார்களில் இதை அவர் ஆயிரம் தடவை செய்திருக்கிறார். அந்தக் கார்களில் கெட்டுப்போக இரண்டு பல்புக்கு மேல் ஒன்றும் இருந்ததில்லை. எங்கள் ஊர் ஆண்கள் பாதிப் பேர் இதை அவரிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

ராடே ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தான்.

"கும்... பேட்டரிதான் மெத்தை மாதிரி எல்லாத்தையும் தாங்குது. டக்குனு எடுத்துட்டா வர்ற கரண்டு போக்கிடம் இல்லாம எகிறி, எல்லாத்தையும் கருக்கி..."

"ராடே. உன் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தகப்பன் யாரு?"

"நீங்கதான், கும்."

"அப்போ கழட்டு."

ராடே ஸ்தானாவைப் பார்த்தான். கும்முக்கு அவன் 'இல்லை' சொல்ல முடியாது. அவளுக்கோ அவர் கும் இல்லை. ஆனால் முத்திரை அவர் கையில். வாயைத் திறந்து மறுத்தால் வேனில் எங்காவது துருவைக் கண்டுபிடித்துவிடுவார்.

"இஞ்சினியர் ஐயா," என்றாள் ஸ்தானா, "என் வேன் வெறும் தகரம். இதுல என்னத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கறது? உங்க கார்ல ஒருதடவை செஞ்சு காட்டுங்க. ஒரு இஞ்சினியர் செய்யறதைப் பார்த்தேன்னு ஊர்ல சொல்லிக்குவேன்."

அவருடைய கார் வாசலில் நின்றது. ஜெர்மனியில் பதினோரு வருஷம் உழைத்துக் களைத்து, போன மாதம் இங்கே ஓய்வெடுக்க வந்த கார். திஹோமிர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எஞ்சினைக் கிளப்பி, சோதனை கம்பீரமாக இருக்கட்டும் என்று முகப்பு விளக்கு, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் போட்டார்.

"கும், இப்பத்தான் ஸ்டார்ட் ஆச்சு. பேட்டரி பசியில கரண்டை நல்லா இழுத்துக்கிட்டு இருக்கும். இப்போ வேண்டாம்..." என்று ராடே ஆரம்பித்தான்.

"கவனிங்க," என்று கும் கம்பியை உருவினார்.

விளக்குகள் ஒரு நொடி சூரியன்போல எரிந்தன. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவள் பாதி வரியில் நிறுத்தினாள். எஞ்சின் நின்றது. கருகிய பிளாஸ்டிக் வாசனை வந்தது.



"அப்போ உங்க ஆல்டர்னேட்டர் செத்துடுச்சுங்களா, ஐயா?" என்று ஸ்தானா மரியாதையாகக் கேட்டாள்.

திஹோமிர் கம்பியை மறுபடி மாட்டிப் பார்த்தார். கார் எதற்கும் பதில் சொல்லவில்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. நிலையத்தின் சாவி அவரிடம். நிலையமோ ஆறு கிலோமீட்டர் தூரத்தில்.

"நான் அங்கேதான் போறேன்," என்றாள் ஸ்தானா. "ஏறுங்க. முன் சீட்டுல மிளகாய் மூட்டை இருக்கு, நசுங்கிடும். பின்னாடி உட்காருங்க."

பின்னால் இருந்தவை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இருக்கைகள். முட்டி தாடையில் இடிக்க, இஞ்சினியர் ஆறு கிலோமீட்டர் பயணம் செய்தார். பாலத்தருகே ஸ்தானா கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"இதிலேயும் கம்பியைக் கழட்டிப் பார்த்துடலாமா, ஐயா? நிறுத்தட்டுமா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

நிலையத்தில் பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்தார். மின்சாரம் என்ற கட்டத்தில், சோதனை முறை என்ற இடத்துக்கு வந்ததும் அவர் பேனா நின்றது. பிறகு சின்ன எழுத்தில் 'மீட்டர்' என்று எழுதி, பெரிதாக முத்திரை குத்தினார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது ஸ்தானா நகராட்சி ஜன்னலில் காகிதத்தை நீட்டினாள். தடம் அவளுக்கே.

மறுநாள் காலை பட்டறையில் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தோம். திஹோமிர் நடந்தே வந்தார். உட்கார்ந்து, எல்லோரையும் ஒருதரம் பார்த்தார்.

"நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஆல்டர்னேட்டர் வச்ச கார்ல ஓடும்போது கம்பியைக் கழட்டவே கூடாதுன்னு. சொன்னேனா இல்லையா, ராடே?"

அவருடைய காரின் அடியில் படுத்திருந்த ராடே வெளியே தலையை நீட்டவில்லை.

"சொன்னீங்க, கும்," என்றது குரல்.