வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கூரையில் சோலார் பேனல் போட்டவர் பெர்த்தோ. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எரிபெர்த்தோ. யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் கடல் தாண்டி ஒர்லாண்டோ பக்கம் போய்விட்டார்கள். தெருவே தன் பேருந்து, நாங்களெல்லாம் அதில் ஏறியவர்கள் என்பது போலத்தான் எங்களை நடத்துவார்.

போர்ட்டோ ரிக்கோவின் மலையில் இருந்துகொண்டு கரண்டை நம்ப முடியாது. காற்று கொஞ்சம் பலமாக வீசினால் போய்விடும். சில நாள் காற்றே இல்லாமலும் போகும். அதனால் பெர்த்தோ வீட்டு மொட்டை மாடியில் ஆட்கள் ஏறியபோது தெருவே வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"இடியை இழுத்து நம்ம தலையில போடப்போகுது, பாருங்க" என்றாள் மூலைவீட்டு லூர்த்.

"இடி எதுக்கு? முதல் புயல்லயே தட்டு தட்டாப் பறந்து அடுத்த ஊர்ல போய் விழும்" என்றார் என் கணவர் பாப்போ.

நானும் என் பங்குக்கு, "மழை நாள்ல என்ன பண்ணுவீங்கண்ணே?" என்று கேட்டேன். பேனல் போட வந்தவர்கள் பொறுமைசாலிகள். கான்கிரீட்டில் போல்ட் இறக்கியிருக்கிறோம், இடியை அது கூப்பிடாது, மேகம் இருந்தால் குறைவாக வரும், அவ்வளவுதான் என்றார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சொல்லப்போனால் அவர்களே கேட்டார்கள். "ஐயா, பேட்டரியும் சேர்த்து வைக்கவா?"

"ராத்திரி எனக்கு எதுக்குய்யா கரண்ட்? நான் தூங்குற ஆளு. பகல்லதான் சூரியன் இருக்கே" என்றார் பெர்த்தோ. அங்கே நின்ற எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. கேட்ட ஆளும் தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. பக்கத்து வீட்டு நெரேய்தாவின் அவகாடோ மரம். மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் பாதிப் பேனல்களை மூடிவிடும். தெருவில் எல்லார் வீட்டுச் சோற்றுக்கும் அந்தப் பழம்தான் துணை. பெர்த்தோ வேலியோரம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார்.

"நெரேய்தா, நான் எனக்காக மட்டும் கேக்கல. இனிமே கரண்ட் போனா நீ பயப்படவே வேண்டாம். உன் இன்சுலின் என் ஃப்ரிட்ஜுல இருக்கும். இது என் வாக்கு."

நெரேய்தாவுக்குச் சர்க்கரை நோய். மின் கம்பெனியில் கம்பம் ஏறும் வேலை செய்யும் மகன் அப்தியேல் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பான். முன்பு ஒரு புயலில் அவளுடைய மருந்து முழுவதும் கெட்டுப்போய், ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பியவள். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் ரம்பம் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிவந்து, மரம் விழுகிறவரை வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

அதற்குப் பிறகு பெர்த்தோவைக் கையில் பிடிக்க முடியவில்லை. டோமினோ மேசையில் காய் வைக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான். "புயல் வரட்டுமே! போனை எடுத்துட்டு வாங்க, இறைச்சிய எடுத்துட்டு வாங்க, என் வீடு உங்க வீடு." நாங்கள் சிரித்தோம். நம்பவும் செய்தோம்.

செப்டம்பரில் புயல் வந்தது. மரங்களையும் சாலையையும் வாரிக்கொண்டு போனது. பாப்போ சொன்னது நடக்கவில்லை. பேனல் ஒன்றுகூட அசையவில்லை. மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டது போல ஆனது. அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. கூரை மேல் பேனல்கள் கண்ணைக் கூசவைத்தன. நாங்கள் ஐஸ்பெட்டியும் போனும் சார்ஜரும் பன்றி இறைச்சியுமாகக் கிளம்பினோம். நெரேய்தா மருந்துக் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி ஒரு சட்டியில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தாள்.

பெர்த்தோ வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ஓடல" என்றார். "என்னன்னு தெரியல. வெயில் இப்படிக் கொளுத்துது, பேனல் கரண்ட வீட்டுக்கு மாத்திக் குடுக்கிற பெட்டியில ஒரு சிவப்பு லைட்டு மட்டும் எரியுது. வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல."

போன் கோபுரங்கள் விழுந்து கிடந்ததால் பேனல் போட்டவர்களைக் கேட்கவும் வழியில்லை. நாங்கள் கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். வழியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"சிவப்பு லைட்டு எரியுதாமே. லைட்டு எரியுதுன்னா கரண்ட் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள் லூர்த். நேற்று சாயங்காலம் அவர் சமையலறையில் வெளிச்சம் பார்த்ததாக இன்னொருத்தி சொன்னாள். எல்லோருக்கும் கொடுத்தால் தனக்குப் போதாது என்று ஆள் அமுக்கிவைத்திருக்கிறார் என்பது மறுநாளைக்குள் தெருவில் முடிவாகிவிட்டது. நாலைந்து நாள் கழித்து லூர்த் அவர் வீட்டுப் பின்சுவரில் காதை வைத்து ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே வந்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "உள்ள வாங்க. எல்லாரும் வாங்க" என்று ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று கூப்பிட்டார். நாங்கள் போனோம். ஃப்ரிட்ஜ் கதவை எங்கள் முன்னால் அகலத் திறந்தார். நாற்றம் முகத்தில் அறைந்தது. கிறிஸ்துமஸுக்கென்று எடுத்துவைத்திருந்த பன்றித் தொடை அழுகிப் பச்சை நிறமாகிக் கிடந்தது. மேசையில் பாதி கரைந்த மெழுகுவத்தி.

"போதுமா?" என்றார்.

நெரேய்தா மட்டும் சொன்னாள்: "உங்க ஃப்ரிட்ஜப் பத்தி நான் ஒண்ணும் பேசலண்ணே. என் மரத்தப் பத்தியும் பேசல. நீங்க வாக்குக் குடுக்கும்போது அது உங்க கையில இருக்கான்னு பாத்தீங்களா? அதத்தான் கேக்கறேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேருந்தில் ஏற்றாமல் ஒரு பிள்ளையை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது அந்த முகம்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு யோசனை வந்தது. எங்களிடம் ஒரு சின்ன ஜெனரேட்டர் உண்டு. ஆனால் பெட்ரோல் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது, ஊரில் எங்கேயும் கிடைக்கவில்லை.

"வண்டி மக்கர் பண்ணா தள்ளி ஸ்டார்ட் பண்றோம்ல, அது மாதிரிதான்" என்றார் பாப்போ. "ஜெனரேட்டர் வயர வீட்டு பிளக்குல சொருகுவோம். கம்பெனி கரண்ட் வந்துடுச்சுன்னு பெட்டி நம்பிடும். ஒரு தடவ முழிச்சுக்கிச்சுன்னா அப்புறம் வெயில்லயே ஓடும்."

பெர்த்தோ நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மனுஷன் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இருவரும் ஜெனரேட்டரைத் தூக்கி வந்து பின்வாசலில் வைத்தார்கள். பாப்போ வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டிக்கொண்டிருக்கும்போது நெரேய்தா வேலியைத் தாண்டி வந்தாள்.

"மெயின் சுவிட்ச அணைச்சாச்சா?"

"அணைக்கலாம்னுதான் பாத்தேன்க்கா. கிளை விழுந்து பிடி நசுங்கிக் கிடக்கு, அசையல. அதனால என்ன? வெளியிலதான் கரண்டே இல்லையே" என்றார் பாப்போ.

"வெளியில கரண்ட் இல்ல. வெளியில என் புள்ள இருக்கான்."

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவள் தெருமுனைக் கம்பத்தைக் கையால் காட்டினாள். "இங்கேருந்து போற கரண்ட் அந்தக் கம்பத்துப் பெட்டிக்குள்ள போனா, பல மடங்கா ஆகி லைன்ல ஓடும். அப்தியேல் சொல்லியிருக்கான். ஜெனரேட்டர் வச்சிருக்கிற வீடுகள நெனச்சாத்தான் அவனுக்குப் பயமே. கீழ ரோட்டு வளைவுல எத்தன பேரு கம்பத்து மேல இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"உன் மருந்துக்காகத்தான் நெரேய்தா..." என்றார் பெர்த்தோ.

"என் மருந்துக்காக என் புள்ளையக் கொல்லுவீங்களா?"

பெர்த்தோ பாப்போவின் கையிலிருந்து வயரை வாங்கினார். பிளக்குகளைக் கழற்றி வீசினார். ஒரு ஐஸ்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேற்றில் சரிந்து கிடந்த சாலையில் கீழே இறங்கிப்போனார். நகரத்து மீன் சந்தையில் ஐஸ் கொடுப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். வரிசையில் நின்று வாங்கி, நடந்தே ஏறி வந்தார். பாதி உருகிவிட்டிருந்தது. மீதியை நெரேய்தாவின் சட்டியில் கொட்டினார்.

"நேரா ஐஸ் மேல வைக்காதீங்கண்ணே, உறைஞ்சாலும் மருந்து போச்சு" என்றாள் அவள். அவர் துணியை மடித்து நடுவில் வைத்தார்.

தினமும் போனார். சில நாள் ஐஸ் இல்லாமல் வெறுங்கையோடு வந்து, அதை அவளிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பினார். பிறகு பாப்போவும் கூடப் போக ஆரம்பித்தார். லூர்த் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஒரு நாள் அப்தியேல் வந்தான். தாடியும் சேறுமாக, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, பெர்த்தோ வீட்டுப் பெட்டியைப் போய்ப் பார்த்தான்.

"இது பழுதே இல்ல மாமா. லைன் செத்தா இதுவும் தானா நின்னுடும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. இல்லைன்னா நான் கம்பத்துல இருக்கும்போது உங்க வீட்டு வெயில் என்னைச் சுட்டுடும். பேட்டரியும் லைனத் துண்டிக்கிற சுவிட்சும் இருந்தா, தெருவ விட்டுட்டு உங்க வீட்டுக்கு மட்டும் ஓடும்."

பெர்த்தோ அந்தச் சிவப்பு விளக்கின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "இத்தன நாளும் நான் இதத் திட்டாத திட்டு இல்ல" என்றார். "இது உன்னத்தான் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு."

கரண்ட் வர நவம்பர் ஆனது. அதுவரை நெரேய்தாவின் மருந்து கெடவில்லை. லைன் வந்ததும் சற்று நேரத்தில் பெட்டியின் விளக்கு பச்சையாகி, அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. பெர்த்தோ அதைக் கொண்டாடவில்லை.

அடுத்த வருடம் பேட்டரி வைத்தார். இந்த முறை வேலைக்கு வந்த பெண்ணைச் சாப்பிடக்கூட விடாமல் கேள்வி கேட்டார். எது ஓடும், எது ஓடாது, தொடர்ந்து மழை பெய்தால் என்ன ஆகும், பக்கத்து வீட்டு மருந்துக்கு எவ்வளவு தேவை. பிறகு வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுப் படியில் நின்று, "ஃப்ரிட்ஜ் ஓடும், விளக்கு எரியும், போன் சார்ஜ் ஏத்தலாம்" என்றார். "ஏசி கிடையாது. அயர்ன் பாக்ஸ் கிடையாது. ரெண்டு மூணு நாள் வெயிலே வரலன்னா ஒண்ணுமே இல்லாமயும் போகலாம். மருந்துக்குத்தான் முதல் இடம். அதுக்கு மேல என்னை நம்பிடாதீங்க."

"அப்போ சோறு வைக்கிற எலெக்ட்ரிக் குக்கர்?" என்று கேட்டார் பாப்போ.

"அத அந்தப் பொண்ணுகிட்ட கேக்க மறந்துட்டேன்" என்றார் பெர்த்தோ. "கேட்டுட்டு வந்து சொல்றேன்."