ஒன்றாம் எண் டிரம்

பழைய லேபிள் லேசில் வருவதாக இல்லை. ஸ்டோர்காரர் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பட்டிக் கத்தியால் சுரண்டி, கடைசியில் நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக இதே பாடு. விதி மாறிவிட்டது. இனி எந்த நாட்டில் செய்த கெமிக்கலானாலும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி எச்சரிக்கை, சிவப்புக் கட்டத்துக்குள் கறுப்புப் படம். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வருகிறார், அதற்குள் ஒரு டிரம்கூடப் பழைய லேபிளோடு நிற்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

துப்புரவுத் திரவங்களைப் பெரிய டிரம்மில் வாங்கி, பாட்டிலில் அடைத்து விற்கிற கம்பெனி அது. அங்கே லேபிளை யாரும் படித்ததில்லை. ஸ்டோர்காரர் எழுதும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். சரக்கோடு வருகிற தாளில் உள்ள எண்ணைப் பார்த்து டிரம்மின் வயிற்றில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிடுவார். ஒன்று என்றால் வெறுங்கை போதும். இரண்டுக்குக் கையுறை, மூன்றுக்குக் கண்ணையும் மூட வேண்டும், நான்கை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. "ஒண்ணு பச்சப்புள்ள, நாலு மாமியார்" என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒருவர் விரல்கூடப் பொசுங்கியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

திங்கட்கிழமை புதுச் சரக்கு ஒன்று வந்தது. தாளும் புது மாதிரி, பத்துப் பன்னிரண்டு பக்கம். அவர் தனக்கு வேண்டியதை மட்டும் தேடிப் பிடித்தார். 'தோலுக்குக் கேடு: வகை 1' என்று இருந்தது. டிரம்மில் ஒன்று என்று எழுதிவிட்டு லேபிள் சுரண்டப் போய்விட்டார்.

அளவுக் குவளைகளைக் கழுவுகிறவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் அவ்வளவு சிறிசு, நடையும் அவ்வளவு வேகம். புது டிரம்மின் முன்னால் நின்று அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதுல கை மேல ஏதோ ஊத்துற மாதிரி படம் போட்டிருக்கே. கை கரையற மாதிரி இருக்கு."

"புது ரூலு. எல்லாத்துலயும் ஏதாவது ஒரு படம் இருக்கும்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லண்ணே, பாத்தாலே ஒரு மாதிரியா இருக்கு."

"இத்தன வருஷம் படத்தப் பாத்தா வேல செஞ்சே? நம்பரப் பாரு, போ."

"சரிண்ணே" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அந்த டிரம்மில் மொண்ட குவளைகளை வெறுங்கையால் கழுவிவிட்டு மத்தியானம் வந்து நின்றபோது வலது கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். "சோப்பு மாதிரி வழவழன்னுதான் இருந்துச்சு. இப்ப எரியுதுண்ணே." விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, ஊறிப்போன காகிதம் போலக் கழன்றிருந்தது. குழாயடியில் அவர்தான் அவள் கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது.

வண்டி போன பிறகு அவர் தாளை முதலிலிருந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. புதிய முறையில் வகை ஒன்றே மிகக் கடுமையானது, எண் கூடக் கூடக் கேடு குறையும். அவருக்குத் தெரிந்த கணக்கு அப்படியே தலைகீழ். இரண்டாம் தடவை படிக்கும்போது காது மடல் சுட்டது.

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய், டிரம்மில் ஒன்று என்றிருந்ததைத் துடைத்தார். நான்கு என்று எழுதினார். பக்கத்தில் யாருமில்லை. ஆனாலும் உடம்பால் டிரம்மை மறைத்தபடிதான் எழுதினார். ஆபத்தானதற்கு ஆபத்தான எண் போடுவதில் என்ன தப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மேனேஜரிடம் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தார்.

அன்று வீட்டில் மனைவி கழுவப் போட்ட பாத்திரங்களை அவர் உட்கார்ந்து தேய்த்தார். "என்ன, இன்னிக்கு மழை கொட்டப் போகுதா?" என்றாள் அவள். அவர் அடுத்த தட்டை எடுத்தார்.

மறுநாள் மேனேஜர் போனில் டிரம்மைப் படம் பிடித்தார். "நாலுன்னு இவ்ளோ பெருசா இருக்கு. நல்ல வேள, உங்க பக்கம் தப்பில்ல."

"சார், ஒரு விஷயம்..."

"சொல்லுங்க."

"கையுறை ஒரு ஜோடிதான் இருந்துச்சு. அதுவும் கிழிஞ்சது." அவர் சொல்ல வந்தது அதுவல்ல.

"அதையெல்லாம் ஆய்வாளர்கிட்ட பேசிட்டு இருக்காதீங்க. அந்தம்மா தன்னோட கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டா வைத்தியச் செலவு நம்ம தலையில விழாது. அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை சிட்டுவை ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். முழங்கை வரை கட்டு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மேனேஜர் கடிதத்தைப் படித்தார். 'நான்கு எனக் குறிக்கப்பட்டிருந்தும்' என்ற இடத்தில் அவள் தலையைத் தூக்கினாள்.

"நாலா போட்டிருந்துச்சு?"

மேனேஜர் போனில் இருந்த படத்தைக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஸ்டோர்காரரைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணாதாண்ணே தெரிஞ்சுது. கொஞ்ச நாளா ஊசில நூல் கோக்கவே தடுமாறுது. கண்ணு போயிடுச்சு போல. நீங்க நம்பரப் பாருன்னு சொல்லியும் நான் சரியாப் பாக்கல."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வாயைத் திறந்தார். 'ஒண்ணத் துடைச்சு எழுதினது நான்தான்' என்று நாலு வார்த்தை. பதினெட்டு வருஷம், இந்த வேலை, அடுத்த மாதச் சம்பளம் எல்லாம் அந்த நாலு வார்த்தைக்குக் குறுக்கே வந்து நின்றன.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் மேனேஜர்.

"போடத் தெரியும் சார். இந்தக் கை இப்படி இருக்கே" என்று கட்டைக் காட்டினாள்.

மேனேஜர் மைப்பெட்டியை ஸ்டோர்காரர் பக்கம் தள்ளினார். அவர் அவளுடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் வைத்தார். மை லேசாகத்தான் பட்டது.

"நல்லா அழுத்துங்கண்ணே, தெளிவா விழட்டும்" என்றாள். அவர் அழுத்தினார்.

"என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க." சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கண்ணாடி வாங்கிப் போட்டுட்டு வந்தா மறுபடி வேலைக்கு எடுத்துக்குவாங்களாண்ணே?"

"கேட்டுப் பாக்கறேன்" என்றார் ஸ்டோர்காரர்.

மேனேஜர் கடிதத்தை வாங்கி, மை காயட்டும் என்று ஃபேனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.