பாறை மேல் மடித்த சட்டைகள்

எங்கள் குடும்பத்து ஆண்களைக் கசங்கிய சட்டையோடு யாரும் பார்த்ததில்லை. சலவைக் கடைக்காரன் உடுத்தியிருக்கும் துணிதான் கடையின் பெயர்ப்பலகை என்பார் என் அப்பா. காய்ச்சலில் படுத்தபோதும் அவர் காலர் மடங்காமல்தான் படுத்தார். நானும் அப்படியே இருந்துவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு அருவிக்குப் போவோம். நான் மட்டும் குளிப்பதில்லை. நாலு பேர் பார்க்க வெற்று மேலோடு, தலை கலைந்து, பல் தந்தியடிக்க நிற்பது எங்களுக்கு ஒத்துவராது. கரையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோருடைய துணிக்கும் காவல் இருப்பேன்.

குளிக்கப் பிடிக்காது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நீராவி இஸ்திரிப்பெட்டியோடு நிற்கிறவன் நான். கொதிகலன் ஓயாமல் பெருமூச்சு விடும் அறை. வலது கை முழங்கைவரை எப்போதும் காய்ந்து சிவந்திருக்கும். துணியின் மேல் ஆவி எழும்பும்போதெல்லாம் எனக்கு அருவி ஞாபகம் வரும். அங்கேயும் தண்ணீர் விழுந்த இடத்தில் இப்படித்தான் வெள்ளையாகப் புகை எழும். ஆனால் அது சுடாது.

வேனில் வரும் வழியெல்லாம் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள் அருவிக்கு அடியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் மனைவி வருடம் முழுவதும் எதற்காவது கவலைப்படுகிறவள். கறை போகவில்லை என்பார்களோ, பட்டனைக் காணோம் என்பார்களோ என்று தூக்கத்திலும் புரளுவாள். அருவியில் நிற்கும்போது அந்த முகத்தில் கவலை இருந்த இடம் தெரியாது. வாயைத் திறந்து சிரிப்பாள். தண்ணீரின் இரைச்சலில் அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும் பாறைவரை வந்து சேராது. திரும்பும்போது வேனில் எல்லோரும் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார்கள். அவள் தலை ஈரத்தோடு என் தோளில் சாயும். நான் மட்டும் விறைப்பாக விழித்திருப்பேன்.

ஒவ்வொரு வருடமும் தண்ணீருக்குள் இறங்கும் முன் ஒருதடவை திரும்பி, "என்னங்க, நீங்களும் வாங்களேன்" என்பாள். "துணிய யாரு பாத்துக்கறது?" என்பேன். இந்த வருடம் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவள் கூப்பிட வேண்டும். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கூப்பிடாமல் தானாகப் போய் நிற்பது வீட்டுக்குப் பெரியவனுக்கு அழகில்லை.

அவள் கூப்பிடவில்லை. கைப்பையை என் பக்கத்தில் வைத்தாள். "பாத்துக்கங்க" என்றாள். தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

சும்மா இருந்தால் கண் அங்கேயே போகிறது என்று கைக்கு வேலை தேடினேன். அந்நியர்கள் அவிழ்த்துப் போட்ட துணிகள் பாறை முழுவதும் கிடந்தன. ஒரு சட்டை நழுவி ஈரத்தில் விழப் போனது. எடுத்து உதறி மடித்தேன். பட்டன் மேலே, கைகள் பின்னால், காலர் நிமிர்ந்து. பக்கத்தில் கிடந்ததையும் மடித்தேன். பிறகு கை தானாக ஓடியது. சட்டையெல்லாம் ஓர் அடுக்கு, பேன்ட்டெல்லாம் ஓர் அடுக்கு, துண்டெல்லாம் இன்னோர் அடுக்கு. எங்கள் கடையில் எந்தத் துணியையும் மடிக்கும் முன் பையைத் துழாவி உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுவோம். பேனா மை கசிந்தாலும் பழி கடைக்குத்தான் வரும். அதையும் ஒழுங்காகச் செய்தேன். சாவிகள், சீப்புகள், பர்ஸுகள் எல்லாம் பாறையில் வரிசையாக உட்கார்ந்தன.

"யோவ்! என் பேன்ட் பாக்கெட்ல உனக்கென்ன வேலை?"

தொந்தியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் என் முன்னால் நின்றார். என் கை அவருடைய பேன்ட் பைக்குள் மணிக்கட்டுவரை இருந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பாக்க மட்டும் பெரிய மனுஷன் மாதிரி இருக்கறதப் பாரு" என்றாள் ஒரு பெண். "இஸ்திரி போட்ட சட்ட வேற!"

எழுந்து நின்றேன். "இது எங்க தொழில்" என்றேன்.

"அதான் தெரியுதே!" என்றார் தொந்திக்காரர்.

நல்லவேளையாக மைத்துனன் ஓடி வந்தான். கடையில் வாடிக்கையாளர்களிடம் துணி வாங்கிப் போடுகிறவன் அவன்தான். வாய் ஓயாதவன். அடுக்குகளைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. திருட வந்தவன் காலருக்கு இவ்வளவு மரியாத குடுப்பானா? உங்க சட்டய எடுத்துப் பாருங்க. உங்க கல்யாணத்துக்குக்கூட அது இப்படி இருந்திருக்காது."

தொந்திக்காரர் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். பர்ஸைத் திறந்து பார்த்தார். குரல் இறங்கியது. "சலவைக் கடையா?"

"மூணு தலைமுறையா" என்றேன்.

"தப்பா நெனச்சுட்டேன் பெரியவரே, மனசுல வெச்சுக்காதீங்க." உடனே கைக்கடிகாரத்தையும் கழற்றி நீட்டினார். "அப்படியே இதையும் பாத்துக்கங்க." அவரைப் பார்த்து இன்னொருவர் மோதிரத்தைக் கொடுத்தார். என்னைத் திட்டிய பெண் தன் பிள்ளைகளின் துணியையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள்.

"அத்தான், டோக்கன் போட்டுரட்டுமா?" என்று கேட்டுவிட்டு மைத்துனன் தண்ணீருக்குள் ஓடினான்.

போன மானம் திரும்பி வந்தது. ஆனால் பாறையைவிட்டு அசையவும் வழியில்லாமல் போயிற்று. இவ்வளவு பேர் நம்பிக் கொடுத்ததை விட்டுவிட்டு எப்படிப் போவது?

விஷயம் காதில் விழுந்து மனைவி வந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் வழிய, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடமிருந்து குளிர்ச்சி எழுந்து என் கைமேல் பட்டது.

"யாரோ உங்களத் திருடன்னாங்களாமே?"

"அது தீந்துபோச்சு." ஒரு துண்டின் ஓரத்தை நேராக்கிக்கொண்டே, "ஏன் என்னக் கூப்பிடல?" என்றேன். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "எத்தன வருஷந்தான் ஒரே பதிலக் கேக்கறது? இத்தன வருஷத் தண்ணிக்கு அந்தக் கல்லுகூட வழவழன்னு ஆயிருச்சு."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இப்பக் கூப்பிடறேன், போதுமா? போங்க."

"நீ வரலயா?"

"ஊர்த்துணி பூரா இங்க கெடக்கே. யாராவது ஒருத்தர் இருக்கணுமில்ல? மொதல்ல நீங்க போயிட்டு வாங்க."

சட்டையைக் கழற்றினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். சாரல் முகத்தில் அடித்தது. இன்னும் இரண்டடி வைத்தால் அருவி. வலது கையை மட்டும் நீட்டினேன். தண்ணீர் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. காய்ந்த தோலெங்கும் ஊசி குத்துவதுபோல் இருந்து, பிறகு கை என்னுடையதாகவே இல்லை. இரைச்சல் காதை அடைத்தது. கடை, கொதிகலன், கொஞ்சம் முன்னால் கேட்ட ஏச்சு, ஒன்றும் உள்ளே இல்லை. தலையைக் கொடுக்கக் குனிந்தேன்.

விசில் ஊதினார்கள்.

"வெளிய வாங்க, எல்லாரும் வெளிய! தண்ணி கலங்கி வருது!" காவலாளி கம்பைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அருவி காவி நிறமாகிவிட்டது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு கரையேறியது. ஆளாளுக்கு வந்து துணியை வாங்கிக்கொண்டார்கள். தொந்திக்காரர் மட்டும் தன் சட்டையைப் பிரிக்க மனமில்லாமல் அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

காவலாளியிடம், "மறுபடி எப்ப விடுவீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி தெளியணும் சார். நாளைக்கும் விடலாம், ஒரு வாரமும் ஆகலாம்."

வேன் ஹாரன் அடித்தது. "அத்தான், ஏறுங்க" என்றான் மைத்துனன். நான் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"நீங்க கெளம்புங்க. நானும் உங்கக்காவும் இருக்கோம்."

"கடை?"

"நீ தெற."

"நீங்க இல்லாம கடை தெறந்ததே இல்லயே, அத்தான். நான் மடிச்சா சட்டை தலகாணி மாதிரி இருக்கும்னு நீங்கதான சொல்வீங்க?"

"இருந்துட்டுப் போகட்டும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் வளைவில் மறைந்தது. அருவிக்குப் போகும் வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். எதிரே இருந்த நீள பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். மரங்களுக்குப் பின்னால் அருவி விழுந்துகொண்டேதான் இருந்தது.

"கைக்கு எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"கைக்குத் தெரிஞ்சுருச்சு. மத்ததுக்குத் தெரியல."

அவள் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டாள். "உள்ள போனதும் மொதல்ல மூச்சு முட்டும். பயந்துரக் கூடாது. கண்ண மூடிட்டுத் தோளத் தளர விட்டுரணும். உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

"சரி. அப்புறம்?" என்றேன்.