ஏழாம் நம்பர் புற்று

காலாற நடப்பதற்குக்கூட இந்தக் காலத்து மனுசனுக்கு அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று வெள்ளத்துரைக்குத் தாளவில்லை. வேப்பமரத்தைப் பார்த்து இது என்ன மரம் என்று அவர் எவனிடமும் கேட்டதில்லை. இப்போதோ கோயில் வாசலிலிருந்து குளத்தங்கரை வழியாக அவர் புஞ்சை வரைக்கும் தகரப் பலகைகள். மஞ்சள் தகரம், சிவப்பு நம்பர், பக்கத்தில் அம்பு.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் இயற்கைச் சங்கம் நடத்தும் தேவதாசன் வாத்தியார் வேலை. வழிகாட்ட ஆள் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் தாங்களே பலகையைப் படித்து நடந்து, மரம் மட்டையைத் தெரிந்துகொள்ளலாமாம். ஆனி மாதம் அவர் வந்து, வெள்ளத்துரையின் புஞ்சை மூலையில் ஆளுயரம் நின்ற புற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கடைசிப் பலகையை இங்கன வைக்கட்டுமா?"

"எதுக்கு வே? அதை வெட்டிச் சமன் பண்ணி மிளகாய் போடப்போறேன்."

"ஆடித்தபசுத் திருநாள் கழியட்டும். நாலு பேரு பாத்துட்டுப் போறதுல உங்க மண்ணு குறைஞ்சா போயிரும்?"

"இன்னைக்குப் பலகைம்பீரு, நாளைக்கு எடம்பீரு."

வாத்தியார் சத்தியம் செய்யாத குறை. பலகை ஏறியது: '7. புற்று. கறையான்கள் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் கட்டியது.'

தபசுக்கு வந்த கூட்டம் அம்பைப் பார்த்தது. புற்றுமண்ணையே அம்மன் பிரசாதமாகக் கொடுத்து, சிரங்குக்கும் வலிக்கும் பூசும் சங்கரன்கோவிலில் மஞ்சள் பலகை வைத்து, வரிசையாக நம்பரும் போட்டு, கடைசியில் ஒரு புற்றில் கொண்டுபோய் விட்டால் வந்தவன் என்ன நினைப்பான்? செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். முதல் நம்பர் வேம்புக்குக் குங்குமம். மூன்றாம் நம்பர் நாவலில் பிள்ளைவரத் தொட்டில். ஐந்தாவதில் நீர்க்காகம் என்றிருந்தது. அதற்கும் சோற்று உருண்டை வைத்தார்கள். ஏழில் பாலும் முட்டையும்.

தபசு முடிந்தும் ஓயவில்லை. வெள்ளிக்கிழமையானால் புளியங்குடி பஸ்ஸிலிருந்து நேரே இங்கே இறங்கி வந்தார்கள். எவனோ நாலு கம்பு நட்டு ஓலையும் வேய்ந்துவிட்டான். வெள்ளத்துரை கடப்பாரையோடு போனார். கன்னத்தில் போட்டுக்கொண்டே மறித்தார்கள்.

"ஏட்டி, இது என் புஞ்சை!"

"கொடுத்து வச்சவுக அண்ணாச்சி நீங்க," என்றாள் முன்னால் நின்ற பூமாரி. அவள் இடுப்பில் உடம்பெல்லாம் சிரங்கோடு ஒரு பிள்ளை.

"அம்மனுக்குத்தான் அம்மாம் பெரிய கோயில் இருக்கே. என் மிளகாய் மூலைக்கு எதுக்கு வாரா?"

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைக் கையோடு இழுத்துவந்தார். "நீரு வச்ச வினை. இது வெறும் பூச்சின்னு நீரே சொல்லும் வே."

வாத்தியார் நன்றாகவே சொன்னார். கறையானில் வேலைக்காரர் உண்டு, காவல்காரர் உண்டு, நடுவில் ராணி உண்டு என்றார். கூட்டம் வாய் பிளந்து கேட்டது.

"ராணி உள்ளயா இருக்காவ, சார்வாள்?"

"ஆமா."

"வெளிய வரமாட்டாவளோ?"

"வரமாட்டா. எல்லாம் அவ பிள்ளைங்கதான்."

பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"வே, நீரு பாடம் எடுக்க வந்தீரா, தலபுராணம் சொல்ல வந்தீரா?" என்று வெள்ளத்துரை தலையில் அடித்துக்கொண்டார்.

பூமாரி பிள்ளையை நீட்டினாள். "நம்பர் போட்டவுக கையால மண்ணு பூசிவிடுங்க சார்வாள்."

"நான் வேதக்காரன்மா, சர்ச்சுக்குப் போறவன்."

"அதுக்கென்ன, அவ கோவிச்சுக்கிடவா போறா?"

பிள்ளை சொறிந்து சொறிந்து அழுதது. வாத்தியார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் புற்று மண்ணைத் தொட்டு அதன் தோளில் தடவினார்.

குலவை கிளம்பியது.

புஞ்சை மூலை கைவிட்டுப் போய்விட்டதென்று அந்தச் சத்தத்திலேயே வெள்ளத்துரைக்குத் தெரிந்துவிட்டது.

"பலகையை நாளைக்கே கழட்டிருதேன் அண்ணாச்சி," என்றார் வாத்தியார், முகத்தைப் பார்க்காமல்.

"கழட்டி? பலகையையா கும்பிடுதாவ?"

"தானா நடந்து தெரிஞ்சுக்கிடட்டும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டாவளே. உமக்கே தெரியாததை."

பூமாரி ஒரு பிடி மண்ணோடு வந்தாள். "நீங்களும் முட்டில பூசிக்கிடுங்க. வலி பறந்துரும்."

"போட்டி அங்கிட்டு. ராணியாம், அம்மனாம்!" அவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாத்தியார் சொன்னதையும் பூமாரி சொன்னதையும் நம்பாமல், வரப்பில் இறங்கி நடந்தார்.